பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை

நீண்ட பதிவு இது. பெரியப்பாவிடம் முழுவதையும் படித்துக் காட்டி, இரண்டு இடங்களில் அவர் சொன்ன திருத்தங்களை ஏற்று, அவருடைய இசைவோடுதான் இங்கே பதிகிறேன். ஆய்வில் என்னோடு பேசிய மற்றவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெரியப்பாவுக்கு 78 வயது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அல்சூர் ஏரிக்கரையிலுள்ள அந்தப் படைப்பிரிவின் மையத்தைச் சுற்றி, ஓய்வுக்குப் பின்னும் ஊர் திரும்பாமல் பெங்களூரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. வெள்ளியன்று அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழைத்தார், இட்லி கேட்டார். நாங்கள் நிம்மதியாக வீடு திரும்பினோம்.

சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது அவருடைய கைகள் இரண்டையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். உடல் முழுவதும் வியர்வை. விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். பிறகு தன் முன்னால் ஒரு பாலம் கட்டப்படுவதைப்போல, “தம்பி, பலகையைப் பிடி, பலகையை விடாதே” என்று உரத்த குரலில் ஆணையிடத் தொடங்கினார். தம்பிகள் என்பது அந்தப் படைப்பிரிவினரைப் பிறர் செல்லமாக அழைக்கும் பெயர். பாலம் கட்டுவது அவர்களுடைய தொழில். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஏதோ ஓர் ஆற்றங்கரையில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

பணியிலிருந்த இளம் மருத்துவர், முதியவர்களுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இப்படிக் குழப்பம் வருவது இயல்பு என்றார். தவறில்லை, வருவதுண்டு. “முன்பே மறதி இருந்ததா?” என்று கேட்டார். இருந்தது என்றோம். “சரி, மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம்” என்றார். எங்களுக்கும் அந்த விளக்கம் வசதியாகவே இருந்தது.

அந்த விளக்கத்தை ஏற்காதவர் ஒருவர் மட்டுமே. இரவுப் பணியிலிருந்த செவிலியர், கேரளத்துப் பெண், பெரியம்மாவை வராந்தாவுக்குத் தனியே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்: “அம்மா, அப்பா சாயங்காலத்துல ஏதாவது எடுத்துக்குவாரா? கடைசியா என்னைக்கு எடுத்தாரு?”

பெரியம்மா சற்று நேரம் பேசாமல் நின்று, “புதன்கிழமை ராத்திரி” என்றார்.

புதன் இரவு ஒன்பது மணியிலிருந்து சனி அதிகாலை இரண்டு மணிவரை 53 மணி நேரம். நாள்தோறும் மதுவுக்குப் பழகிய உடலிலிருந்து அது திடீரென்று விலக்கப்பட்டால், இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் இத்தகைய கடும் சித்தப்பிரமை தோன்றக்கூடும் என்பது எந்த மருத்துவப் பாடநூலிலும் உள்ள செய்தி. நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தோன்றுவது, இதயத் துடிப்பின் வேகம் என எல்லாம் அந்தப் பாடநூலில் உள்ளபடியே இருந்தன. கண்டுகொள்ளாமல் விட்டால் உயிரையே பறிக்கும் நிலை அது. செவிலியர் மருத்துவரிடம் சொன்ன பிறகு அனைத்தும் மாறின. லோராசெபாம் கொடுத்தார்கள், ஊசிவழி தயமின் ஏற்றினார்கள். தயமின் என்பது வைட்டமின் பி1. நெடுநாள் குடிப்பவர்களின் உடலில் அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் தராமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு நேரலாம். கார்ல் வெர்னிக்கி 1881இல் விவரித்த நோய் அது: குழப்பம், தள்ளாட்டம், கண்ணசைவில் கோளாறு. இவற்றில் முதல் இரண்டும் எந்த முதியவரிடமும் காணக்கூடியவை. ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடக்கூடியவை.

மறுநாள் கோப்பைப் புரட்டினேன். சேர்க்கைப் படிவத்தில் ‘மதுப்பழக்கம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டிருந்தது. நிரப்பியவர் என் அண்ணன். அவரை நான் குறைசொல்லவில்லை. வரவேற்பு மேசையின் முன்னால், மருமகளும் சம்பந்தியும் சூழ நிற்க, நெற்றியில் திருநீற்றோடு ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் தந்தையைப் பற்றி அந்தக் கேள்விக்கு எந்த மகனும் ‘ஆம்’ என்று எழுதமாட்டார். அதோடு காப்பீட்டு அச்சமும் இருந்தது. மதுப்பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்குமான சிகிச்சைக்குப் பணம் தரமாட்டோம் என்ற விலக்கு விதி பல மருத்துவக் காப்பீடுகளில் இன்றும் உள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டமோ மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளை மனநோயின் வரையறைக்குள் சேர்த்து, மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு தரவேண்டும் என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று ஒரு மகன் ‘இல்லை’ என்று குறித்துவிட்டார்.

எனக்குத்தான் எந்தச் சாக்கும் இல்லை. பெங்களூரில் வாழும் தமிழ் முதியோரின் அன்றாட வாழ்வு பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் வீடுவீடாகச் சென்று, உடல்நலம், ஓய்வூதியம், தனிமை ஆகியவற்றோடு மதுப்பழக்கம் பற்றியும் கேட்டு எழுதுவது என் வேலை. முன்பின் தெரியாத தாத்தாக்களிடம் ‘ஆடிட்’ வினாநிரலின் பத்துக் கேள்விகளையும் மனப்பாடமாகக் கேட்பேன். ஞாயிறுதோறும் பெரியப்பா வீட்டில் மதியச் சாப்பாடு. அவரிடம் அவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. அவர் ‘சாப்பிடுவார்’ என்பது எனக்குத் தெரியும். ‘கொஞ்சம்தான்’ என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது.

இந்த வினாநிரல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ‘கேஜ்’ என்பது மிகச் சிறியது, நான்கே கேள்விகள். அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் 1984இல் வெளியிட்ட கட்டுரையால் உலகெங்கும் பரவியது. குறைக்கவேண்டும் என்று எண்ணியதுண்டா, பிறர் குறைசொல்லி எரிச்சலடைந்ததுண்டா, குற்ற உணர்வு கொண்டதுண்டா, காலையில் கண்விழித்ததும் குடித்ததுண்டா என்பவை அவற்றின் சாரம். நாற்பது வயது ஆணிடம் இவை நன்றாக வேலை செய்கின்றன. நம் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். குறைசொல்வது யார்? மனைவி எப்போதோ சொல்லி ஓய்ந்துவிட்டார்; பிள்ளைகள் மரியாதை கருதி வாய்திறப்பதில்லை. எனவே எரிச்சலுக்கு இடமில்லை. குற்ற உணர்வு? “என் பென்ஷன், என் வீடு, யாருக்கும் நான் கடன்படவில்லை” என்று ஸ்ரீராமபுரத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு மதிப்பெண் பூச்சியம்.

‘ஆடிட்’ இதைவிட விரிவானது. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்ந்து உருவாக்கியது. நார்வே, ஆஸ்திரேலியா, கென்யா, பல்கேரியா, மெக்சிகோ, அமெரிக்கா ஆகியவையே அந்த ஆறும். இந்தியா அவற்றில் இல்லை. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தால் கவனிக்கவேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 7 வந்தாலே கவனிக்கலாம் என்று அதன் கையேடே பரிந்துரைக்கிறது. அதில் ஒரு கேள்வி: குடியின் காரணமாக, உங்களிடம் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் செயல்களைச் செய்யத் தவறியது உண்டா? இதைக் கேட்டபோது விவேக் நகர்ப் பெரியவர் ஒருவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, “என்கிட்ட யாரும்மா எதை எதிர்பார்க்குறாங்க?” என்றார். அந்த இடத்தில் என் படிவத்தில் ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத்தான் நான் குறிக்கமுடிந்தது. எதிர்பார்ப்பே இல்லாதவர் எதில் தவறுவார்? வேலைக்குப் போகாமல் இருப்பது, வண்டியோட்டிப் பிடிபடுவது, சண்டை என நாம் குடிநோயை அடையாளம் காணும் குறிகள் எல்லாம் உழைக்கும் வயதுக்குரியவை. ஓய்வு பெற்ற மனிதர் மாலை ஏழு மணிக்குத் தன் அறையில் அமைதியாகக் குடித்துவிட்டு உறங்கிப்போகிறார். யாருக்கும் தொல்லையில்லை.

முதியோருக்கென்றே ஒரு வினாநிரல் இல்லாமலில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் புளோவும் உடன் பணிபுரிந்தோரும் 1992இல் அதை உருவாக்கினார்கள். அதன் சுருங்கிய வடிவில் பத்துக் கேள்விகள். இரண்டுக்கு ‘ஆம்’ என்றாலே மேலும் விசாரிக்கவேண்டும். அது வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. குடித்தபின் பசியில்லாமல் சாப்பாட்டை விட்டுவிடுவதுண்டா, கை நடுக்கம் குடித்தால் அடங்குகிறதா, நெருங்கியவரை இழந்த பிறகு அளவு கூடியதா, தனிமையில் அது உதவுகிறதா என்று கேட்கிறது. முதன்முதலாக அதைப் படித்தபோது பெரியப்பாவின் நாளை யாரோ அருகிலிருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது. இரவில் அவர் சோற்றைத் தொடுவதில்லை; ‘வயிறு மந்தம்’ என்பார். காலைக் காப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பார். சின்னத்தை, அதாவது அவருடைய தங்கை, 2019இல் இறந்த பிறகு மாலைநேரம் ஏழிலிருந்து ஆறுக்கு நகர்ந்தது. இத்தனையும் எங்கள் எல்லோர் கண்முன்னும் நடந்தன.

நல்ல கேள்வி கையிலிருந்தாலும் தமிழில் எந்தச் சொல்லால் கேட்பது என்ற சிக்கல் இருக்கிறது. மொழிபெயர்ப்பு மேசையில் இது எளிதாகத் தெரிகிறது. திண்ணையில் அப்படியில்லை. ‘குடிப்பீர்களா?’ என்றால் ‘குடிகாரரா?’ என்றே காதில் விழும். தண்ணீரையும் காப்பியையும் பாலையும் குடிக்கும் அதே வினைச்சொல், செயப்படுபொருள் இல்லாமல் நின்றால் வசைச்சொல் ஆகிவிடுகிறது. ‘மது அருந்துவீர்களா?’ என்பது வானொலிச் செய்தி. ‘தண்ணி போடுவீங்களா?’ என்பதை எழுபது வயதுக்காரரிடம் நான் சொல்லமுடியாது. மக்கள் புழங்கும் சொல் ‘சாப்பிடுவது’. ‘அவர் சாப்பிடுவாருங்க’ என்றால் எல்லோருக்கும் புரியும். ‘பழக்கம் உண்டா?’ என்பதும் அப்படியே.

பெண்களிடம் இவை எதுவும் செல்லாது. மர்பி டவுனில் கணவரை இழந்து தனியே வாழும் ஓர் அம்மா, 71 வயது, “அந்தக் கருமத்தை நான் தொடுறதில்ல” என்றார். அரைமணி நேரம் கழித்துச் சளித்தொல்லை பற்றிப் பேசும்போது, “பிராந்தி ரெண்டு மூடி வெந்நீர்ல கலந்து படுத்துடுவேன்” என்றார். பிள்ளை பெற்றவளுக்கும் சளிப்பிடித்தவருக்கும் பிராந்தி கொடுத்து வளர்ந்த தலைமுறை அது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மொழியில் அது மது அன்று, மருந்து. என் படிவத்தில் மருந்துகள் என்ற பகுதியில் அதை எழுத இடமில்லை. மது என்ற பகுதியில் அவரே ‘இல்லை’ என்றுவிட்டார்.

கேள்வி தோற்கும் இடத்தில் இரத்தம் பேசாதா என்று கேட்கலாம். ஓரளவு பேசும். பெரியப்பாவின் பழைய கோப்பில், இரண்டாண்டுகளுக்கு முந்தைய சர்க்கரைநோய்ப் பரிசோதனையோடு வந்த ஓர் அறிக்கை இருந்தது. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 106. நூறைத் தாண்டினாலே இயல்புக்கு மேல். கல்லீரலின் ஜிஜிடி நொதியும் மிக உயர்ந்திருந்தது. இரண்டு எண்களுக்கும் எதிரே தடித்த எழுத்து. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் மதுவை ஐயுறவேண்டும் என்பது பழைய பாடம். ஆனால் பருமன் பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் கூடும். ஜிஜிடி கொழுப்பேறிய கல்லீரலாலும் சில வலிப்பு மருந்துகளாலும் கூடும். முதியவர் உடலில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஆகவே பி12 மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும்தான் அந்த அறிக்கையைக் கையில் வாங்கி உறைக்குள் வைத்திருக்கிறேன். அண்மைய சில வாரக் குடியைத் துல்லியமாகக் காட்டும் சோதனைகளும் உள்ளன. ஆனால் யாரோ ஒருவர் ஐயுற்றால்தானே அவற்றை எழுதுவார்?

பெரியப்பா வீடு திரும்பிய பின் ஒருநாள் பெரியம்மாவிடம் கேட்டேன், அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று. “ரெண்டு தடவ ஊத்துவாரு, அவ்ளோதான்.” எந்த டம்ளரில்? அவருடைய எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்தார். அவர் ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னேன். ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்த கை, கொஞ்சமும் தயங்கவில்லை. அடுக்களையிலிருந்த மருந்து அளவுக்குப்பியால் அளந்தேன். ஒரு தடவைக்கு 90 மில்லி. இரண்டுக்கு 180. பெங்களூரில் ஒரு குவார்ட்டர். 42.8 விழுக்காட்டு ரம்மில் அது சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் முழுவதற்கும் ஏழு அளவு என்று வகுத்தார்கள். அவர்கள் கணக்கில் ஓரளவு 14 கிராம். மொத்தம் 98 கிராம். பெரியப்பா அதை இரண்டே மாலைகளில் கடந்துவிடுவார். ஒரு முழு பாட்டில் நான்கு நாளைக்குமேல் வராது. கேன்டீனில் தரும் அளவு தீர்ந்ததும் வைன் ஷாப்பில் வாங்கிக்கொள்வார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அவர் அளவைப் பெரிதாகக் கூட்டிவிடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். படையில் இருந்த காலத்திலிருந்து ஏறக்குறைய இதே அளவுதான். மாறியது உடல். வயது ஏற ஏற உடலில் நீர் குறைகிறது. அதே அளவு மது இரத்தத்தில் மேலும் அடர்த்தியாக நிற்கிறது. நாற்பதில் தாங்கிய கால் எழுபத்தெட்டில் தாங்குவதில்லை. அதோடு சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, ஆறு மாதம் முன்பு யாரோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை. தூக்க மாத்திரையும் ரம்மும் ஒரே இரவில் ஒரே வயிற்றில். விடியற்காலையில் குளியலறையில் விழுந்தது வழுக்கியதால்தான் என்று இப்போது யாரும் வீட்டில் சொல்வதில்லை.

அரசின் சார்பில் எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகச் சொன்னது. பலரும் மேற்கோள் காட்டும் எண் அது. அந்தக் கணக்கெடுப்பின் வயது வரம்பு 10 முதல் 75 வரை. இன்று மீண்டும் எடுத்தால் பெரியப்பா அதில் இடம்பெறமாட்டார்.

நடை திரும்பியதும் நிம்ஹான்ஸில் உள்ள போதைப் பழக்க மருத்துவ மையத்துக்கு அழைத்துப்போனோம். வரமாட்டேன் என்றார், பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றார். ஹோசூர் சாலையில் அந்த வளாகத்தைக் கடக்கும் பெங்களூர்க்காரர் பலர் மனத்தில் இன்றும் அந்தப் பெயர்தான். போனபின் ஒருமணி நேரம் பேசியிருந்துவிட்டு வெளியே வந்து, “அந்தப் பொண்ணு என்னை வையவே இல்லையே” என்று வியந்தார். என்மீதுதான் கோபம் நெடுநாள் இருந்தது. பெரியம்மாவைப் பேசவைத்து டம்ளரை அளந்தது அவருக்குப் பெரிய அவமானம். மூன்று ஞாயிறுகள் என்னோடு பேசவில்லை. நான்காவது ஞாயிறு, “இத்தன வருஷமா ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்குறியே, என்கிட்ட ஏம்மா கேக்கல?” என்றார். மரியாதை என்றேன். அவர் பதில் சொல்லவில்லை; அந்தப் பதில் எனக்கே போதுமானதாக இல்லை.

இப்போது பத்து மாதங்கள் ஆகின்றன. நடுவில் ஒருமுறை, ஒரு நண்பரின் இறுதிச் சடங்கன்று, வாங்கி வந்துவிட்டார். மறுநாள் அவரே சொன்னார். மறதி பாதி தேறியிருக்கிறது. மீதி வயதா மதுவா என்று மருத்துவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. காப்பியை ஒரு கையால் பிடிக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இதைப் படித்துவிட்டுப் பாட்டிலை ஒளித்துவைக்காதீர்கள். நாள்தோறும் பழகியவர் திடீரென்று நிறுத்துவதன் ஆபத்தைத்தான் மேலே விவரித்தேன். மருத்துவரின் துணையோடுதான் நிறுத்தவேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும்போது, படிவத்தில் எழுதக் கூசினாலும், செவிலியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். முதியோர் உதவி எண் 14567.

பெரியப்பா சொன்ன இரண்டு திருத்தங்களில் ஒன்று இந்தப் பதிவுக்கு: முதல் வரைவில் ‘அடிமை’ என்று எழுதியிருந்தேன், எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். மற்றொன்று என் ஆய்வுக்கு. “எவ்ளோ சாப்பிடுவீங்கன்னு கேட்டா எவனும் சொல்லமாட்டான். ஊத்திக் காட்டச் சொல்லு” என்றார். அதனால் இப்போதெல்லாம் பையில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் எவர்சில்வர் டம்ளரும் அளவுக்குப்பியும் எடுத்துச் செல்கிறேன்.

போன வாரம் மர்பி டவுன் அம்மாவிடம் மீண்டும் போயிருந்தேன். அந்த இரண்டு மூடியைத் தண்ணீரில் ஊற்றிக் காட்டும்படி கேட்டு, புட்டியையும் அதன் மூடியையும் டம்ளரையும் முன்னால் வைத்தேன். வாசற்கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மூடியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, புட்டியிலிருந்து நேராக டம்ளரில் ஊற்றினார்.